கட்டம் கட்டமாகத் தமிழ்: இணையப் பக்க வடிவமைப்பும் வாசிக்கிற உரிமையும்

1

இணையப் பக்கம் எப்படி இருக்கக் கூடாது என்று பட்டியல் போடுவது, இணையத்துக்கு ஏறக்குறைய சமவயதுள்ள பழக்கம். 1996 மே மாதத்தில் யாக்கோப் நீல்சன் வலை வடிவமைப்பின் பத்துத் தவறுகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். பக்கத்தைச் சட்டம் சட்டமாகத் துண்டு போடுவது, நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் எழுத்து, புதுசாக வந்த தொழில்நுட்பம் என்பதற்காகவே ஒன்றைக் கொண்டு வந்து ஒட்டுவது, இறங்கி முடிக்க யுகமாகும் பக்கங்கள், புதுப்பிக்காத தகவல் எல்லாம் அதில் உண்டு. நல்ல பட்டியல்தான். அதன் பிறகு இன்றுவரை இம்மாதிரிப் பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எந்த வண்ணம் போன வருஷத்து வண்ணம், எந்தப் பொத்தான் வழக்கொழிந்தது என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

இந்தப் பட்டியல்களுக்குள் ஒரு வாசகர் ஒளிந்திருக்கிறார். அவர் அவசரக்காரர். கையில் காசு இருக்கிறது. பக்கம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவரைப் பிடித்து வைக்கத்தான் இத்தனை அறிவுரையும். அதாவது 'வாசகர்' என்ற பெயரில் இங்கே கட்டமைக்கப்படுவது ஒரு வாடிக்கையாளர். நமது சூழலில் எழும் கேள்வி வேறு. எண்ணூரில் தன் கழிமுகத்தில் என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மீனவர் ஒரு அறிவிப்பைத் தேடுகிறார் என்றால், அவருக்கு அடுத்த கடை கிடையாது. அந்த அறிவிப்பு இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது வாசிக்க முடியாதபடி இருந்தால் அவர் 'வெளியேற' முடியாது. வெளியே நிற்கத்தான் முடியும்.

ஆகவே வடிவமைப்பில் எது காலாவதி என்பதற்கு ரசனையை அளவுகோலாக வைத்தால் காரியம் ஆகாது. எங்கள் ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போனது. இன்றைக்கும் அங்கே வண்டி நிற்கிறது, ஜனம் ஏறி இறங்குகிறது. அது பழையது, காலாவதியானதல்ல. அதே ராயபுரத்தில் நேற்று பளபளவென்று திறந்த கட்டடத்துக்குள் சக்கர நாற்காலி நுழைய வழியில்லை என்றால் அது திறந்த அன்றே காலாவதி. இணையப் பக்கத்துக்கும் இதே கணக்குதான். தமிழ் இணையத்தின் கால்நூற்றாண்டுக்கும் மேலான வரலாற்றை இந்தக் கணக்கோடு படித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

2

முதலில் சுவரைப் பற்றிக் கொஞ்சம்.

வடசென்னை சுவர்களால் படித்த பகுதி. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. இப்பகுதியின் அரசியல் வாசிப்பு கூட்டம், துண்டறிக்கை, சுவரொட்டி, டீக்கடைப் பத்திரிகை என்ற நான்கு கால்களில் நின்றது. திருவொற்றியூர், எண்ணூர் ஆலைவாசல்களில் சங்கங்கள் கொடுத்த துண்டறிக்கைகளும் இந்த வரிசைதான். அச்சு மோசமாக இருக்கும், எழுத்துப்பிழை இருக்கும், மை கையில் ஒட்டும். ஆனாலும் அந்தத் தாளுக்குச் சில குணங்கள் இருந்தன. படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். வேண்டிய வரியை நோட்டில் எழுதிக்கொள்ளலாம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பத்து வருஷம் கழித்து எடுத்து, "அன்னிக்கு இன்னா சொன்னீங்கோ, இப்ப இன்னா பண்றீங்கோ?" என்று கேட்கலாம். எதிர்க்கருத்துக்காரர் பக்கத்திலேயே இன்னொரு சுவரொட்டி ஒட்டலாம்.

படிக்க, படித்துக் காட்ட, எடுத்தாள, பாதுகாக்க, பதில் சொல்ல - ஒரு பிரதி வாசகருக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச உரிமைகள் இவை. இணையம் இவற்றைப் பலமடங்கு பெருக்கியிருக்க வேண்டும். தமிழில் நடந்தது என்ன? பல ஆண்டுகள் இவற்றில் பாதி கூட மிஞ்சவில்லை.

3

தமிழ் இணையத்துக்கு மிக ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏற்றப்பட்டபோது தமிழும் அதில் இருந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தது. நாம் பின்தங்கி வந்தவர்கள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். சிக்கல் வேறு இடத்தில்.

அன்றைய கணிப்பொறி எழுத்துக்கு 256 அறைகள்தான் வைத்திருந்தது. முதல் பாதியில் ஆங்கிலம் குடியேறிவிட்டது. மிச்சத்தில் தமிழை வைக்க வேண்டும். எந்த எழுத்தை எந்த அறையில் வைப்பது? அதற்குப் பொதுவான ஏற்பாடு இல்லை. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தன் வசதிப்படி வைத்தார். சிலர் ஆங்கிலத்தின் அறைகளிலேயே தமிழைக் குடிவைத்தார்கள். ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துரு அப்படிப்பட்டது. அதில் 'தமிழ்' என்று திரையில் தெரியும்; உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, கூடவே ஒரு அரைப்புள்ளி. கணிப்பொறியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. ஆங்கிலக் குப்பைக்குத் தமிழ் முகமூடி. முகமூடி கழன்றால், அதாவது வாசகரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், குப்பைதான் தெரியும்.

பத்திரிகைகள் இணையத்துக்கு வந்தபோது இந்த நிலைமை ஒரு வியாபார ஏற்பாடாகவும் ஆனது. தினசரி ஒரு எழுத்துரு, வார இதழ் இன்னொரு எழுத்துரு. 'எங்கள் பக்கத்தைப் படிக்க எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று முகப்பில் ஒரு வரி. வீட்டில் சொந்தக் கணிப்பொறி வைத்திருந்தவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை ஆட்களுக்கு இணையம் என்றால் பிரவுசிங் சென்டர்தான். மணிக்கு இவ்வளவு என்று காசு. எழுத்துருவை இறக்கிப் பதிப்பதற்குள் கால்மணி போய்விடும். பாதிக் கடைகளில் எதையும் பதிக்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். "அண்ணே, கட்டம் கட்டமா வருதுண்ணே" என்றால், கடைக்காரர் எட்டிப் பார்த்து, "தமிழ் வராதுபா, இங்கிலீஷ்ல பாரு" என்பார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு தொழில்நுட்பக் கோளாறு எவ்வளவு சுலபமாக ஒரு மொழியின் தகுதி பற்றிய தீர்ப்பாக மாறிவிடுகிறது!

இதற்கு மாற்றுகள் வந்தன. 1997-இல் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தன. வாசகர் எதையும் பதிக்க வேண்டாம். நல்ல யோசனை. ஆனால் நெட்ஸ்கேப் முறை மைக்ரோசாஃப்டுக்குப் புரியாது, மைக்ரோசாஃப்ட் முறை நெட்ஸ்கேப்புக்குப் புரியாது. 2000-இல் வந்த அடுத்த நெட்ஸ்கேப்பில் அந்த வசதியே காணோம். அதை நம்பிக் கட்டிய பக்கங்கள் மறுபடி கட்டங்களாயின. 'இந்தப் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 800-க்கு 600 அளவில் நன்றாகத் தெரியும்' என்ற அறிவிப்பு எல்லா இடத்திலும் தொங்கியது இந்தக் காலத்தில்தான். அதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகக்கூடாது. 'என் வசதிக்கு நீ வா' என்று பிரதி வாசகரிடம் சொல்கிற வாசகம் அது.

சிலர் பிரச்சினையே வேண்டாமென்று எழுத்தைப் படமாக்கி ஏற்றினார்கள். எல்லாத் திரையிலும் தெரியும். படி, படித்துவிட்டுப் போ. தேட முடியாது, ஒரு வரியை எடுக்க முடியாது, பார்வையற்றவரின் கணிப்பொறி அதை வாய்விட்டுப் படிக்காது. அங்கே கட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. எழுத்தின் பிம்பம் இருந்தது.

பொதுவான ஏற்பாட்டுக்கான முயற்சிகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1997-இல் சிங்கப்பூரில் கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாடு, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு. சென்னை மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் அறிவித்தது. இன்னொரு பக்கம், மின்னஞ்சல் குழுவில் உலகத் தமிழர்கள் கூடி விவாதித்து உருவாக்கிய திஸ்கி. அரசுக்கு ஒன்று, ஆர்வலர்களுக்கு ஒன்று, பத்திரிகைகளுக்குத் தலைக்கு ஒன்று என்று ஆயிற்று. உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கொடுத்தாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை. உயிர்மெய்யைத் தனி எழுத்தாகக் கொள்ளாமல் மெய்யும் உயிர்க்குறியுமாகப் பிரித்து வைத்த அதன் அமைப்பு, தேவநாகரியை மனதில் வைத்து எழுந்த இந்தியக் குறியேற்றத்தைப் பின்பற்றியது என்ற விமர்சனம் தமிழறிந்தோரிடம் இருந்தது, நியாயமான விமர்சனம்தான். ஆனால் அந்த விவாதம் நடந்துகொண்டிருந்த வருஷங்களிலெல்லாம் பக்கங்கள் குப்பை மேல் முகமூடியாகவே குவிந்துகொண்டிருந்தன.

விண்டோஸ் 2000-இல் யூனிகோடு தமிழ் வந்தது. அடுத்து வந்த எக்ஸ்பியில் அதைச் சரியாகப் பார்க்க அமைப்புக்குள் போய் ஒரு பெட்டியில் குறியிட வேண்டும். அது மூல வட்டைக் கேட்கும். பிரவுசிங் சென்டரில் மூல வட்டுக்கு எங்கே போவது? கைபேசிகளில் அதற்கும் பிறகு பல வருஷம் கட்டம்தான். அப்போது ஓபரா மினியில் ஒரு ரகசிய அமைப்பு இருந்தது. அதை மாற்றினால் தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும். பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துப் படித்தார்கள். அங்கேயும் எழுத்து படம்தானே என்று கேட்கலாம். அந்தப் படம் வாசகர் தன் கையால் செய்துகொண்ட தந்திரம். அடியில் எழுத்து எழுத்தாகவே இருந்தது. பதிப்பவர் எழுத்தையே பிடுங்கிக்கொண்டு படத்தை மட்டும் நீட்டுவது வேறு.

கடைசியாக 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. யூனிகோடில் தமிழ் ஏறி அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆணைக்குப் பிறகும் அரசு அலுவலகங்களில் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் உடனே போய்விடவில்லை. இதன் விளைவுக்குப் பிறகு வருகிறேன்.

4

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது, எது பிழைத்தது எது செத்தது என்பது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கங்களை நினைத்துப் பாருங்கள். கு. கல்யாணசுந்தரமும் நண்பர்களும் தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியத்தைத் தட்டச்சு செய்து ஏற்றியது. அலங்காரம் கிடையாது. வெறும் பின்னணி, மேலே தலைப்பு, கீழே பாடல்கள். அன்றைய வடிவமைப்பாளர் யாரும் அதற்குப் பரிசு கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் எழுத்து எழுத்தாக இருந்தது. எனவே திஸ்கியில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. இன்றைக்கும் அது படிக்கக் கிடைக்கிறது, தேடக் கிடைக்கிறது.

அதே காலத்தில் பளபளப்பாக வந்தவை என்ன ஆயின? ஃபிளாஷில் செய்த முகப்புகள் ஞாபகமிருக்கும். இசை வரும், கோபுரம் எழும், எழுத்துகள் பறந்து வந்து உட்காரும். 'உள்ளே நுழைய இங்கே அழுத்தவும்' என்று வரும். படிக்க வந்தவரை வாசலில் நிறுத்தி வைத்துத் தன் ஐசுவரியத்தைக் காட்டுகிற பண்ணையார் வீட்டுத் திண்ணை மாதிரி. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் ஆதரவை நிறுத்தியது. அதற்குள் மட்டுமே எழுதி வைத்திருந்ததெல்லாம் அத்தோடு மூடிக்கொண்டது. சட்டங்களாகத் துண்டு போட்ட பக்கங்களில் உள்ளே எங்கே போனாலும் மேலே முகவரி மாறாது. நீங்கள் படித்த கட்டுரைக்கு என்று ஒரு விலாசம் இல்லை. விலாசம் இல்லாததை மேற்கோள் காட்ட முடியாது, இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது. ஓடும் எழுத்து 1990-களின் நடுவில் வந்தது. அரசுத் தளங்களில் 'முக்கிய அறிவிப்பு' என்று அதைத்தான் ஓடவிட்டார்கள். எது முக்கியமோ அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மெதுவாகப் படிக்கிறவர் துரத்த வேண்டும். வயதானவருக்கும் புதிதாக எழுத்துக் கூட்டுகிறவருக்கும் அந்த அறிவிப்பு இல்லாத மாதிரிதான்.

இலவச இடத்தை நம்பிக் கட்டியவையும் உண்டு. ஜியோசிட்டீஸில் எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் இருந்தன: கவிதைகள், ஊர் வரலாறுகள், ஈழத்து நினைவுகள். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. தன்னார்வலர்கள் அவசர அவசரமாக நகலெடுத்ததால் கொஞ்சம் பிழைத்தது. பிழைத்ததிலும் பாமினியிலும் மற்ற எழுத்துருக்களிலும் இருந்தவற்றைத் தேடுபொறி தமிழாகவே அறியாது. அங்கே இரட்டைச் சாவு. சுரதா யாழ்வாணன் போன்றவர்கள் செய்து பொதுவில் வைத்த எழுத்துரு மாற்றிகள் இல்லாவிட்டால் இந்தப் பத்தாண்டின் தமிழ் எழுத்தில் பெரும்பகுதி நமக்கு மீண்டிருக்காது. 1990-களின் சிறுபத்திரிகைகளைப் பேஜ்மேக்கரில் கோத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வட்டு இருக்கும், திறக்க எழுத்துரு இருக்காது. அச்சான தாள்தான் மிஞ்சியிருக்கிறது.

ஆக, அழகாயில்லாதது பிழைத்தது; எடுத்தாள முடியாதது செத்தது. காலாவதி என்பதன் உண்மையான விதி இதுவென்று படுகிறது.

5

இதெல்லாம் முடிந்துபோன கதைதானே, இப்போது எல்லாம் யூனிகோடு ஆகிவிட்டதே என்று நினைப்பவர்கள் எண்ணூர் வரை வந்து பார்க்கலாம்.

எண்ணூர் - காட்டுப்பள்ளிப் பகுதியில் துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், எண்ணெய், உரம் என்று குவிந்திருக்கின்றன. 2017 ஜனவரி 28-இல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை முழுக்கப் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் 'தகவல்' என்பது அலங்காரமான வார்த்தையல்ல. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த ஆலைக்கு எவ்வளவு அனுமதி, கூட்டம் என்றைக்கு - இவை உயிர் சம்பந்தப்பட்டவை.

சட்டம் என்ன சொல்கிறது? 2006 செப்டம்பர் 14-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்புத் தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். முழு அறிக்கையைத் தமிழில் தரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் நான்காவது பிரிவில், உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதிக்கு ஏற்ற வழியையும் கருத்தில் கொண்டு தகவலைத் தாமாகவே வெளியிடச் சொல்கிறது. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-இலிருந்து இருக்கின்றன; பார்வையற்றவரும் படிக்கும்படி பக்கம் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன.

நடைமுறை எப்படி? ஒரு அலுவலகத்தின் தளத்திலிருந்து ஒரு கூட்ட அறிவிப்பின் தமிழ்ச் சுருக்கத்தை எடுக்க ஒருமுறை உட்கார்ந்தேன். இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று, அச்சிட்டுக் கையொப்பமிட்டு முத்திரை குத்தி மறுபடி ஸ்கேன் செய்தது. சாய்ந்து, மங்கலாக, பக்கத்துக்குப் பக்கம் தலைகீழாக. இன்னொன்றில் எழுத்து பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாக ஒரு பத்தியை எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப ஒட்டினேன்; அத்தனையும் ஆங்கில எழுத்துக் குப்பை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள். 'கொசஸ்தலை' என்று தேடினால் 'இல்லை' என்கிறது. கண்முன்னே அதே பக்கத்தில் கொசஸ்தலை என்று எழுதியிருக்கிறது. பாமினி காலத்து முகமூடி, இப்போது பிடிஎஃப் என்ற சட்டைக்குள்.

இது வேண்டுமென்றே செய்த மறைப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த ஊழியருக்குத் தாளில் கையொப்பம் விழுந்தால்தான் கோப்பு 'உண்மை'. தாளின் அதிகாரத்தைத் திரைக்குக் கொண்டுவர அவருக்குத் தெரிந்த வழி அதைப் புகைப்படம் எடுப்பது. ஆனால் நோக்கம் எதுவானாலும் விளைவு ஒன்றே. பல நூறு பக்கத்துக்கு அறிக்கை. ஆங்கிலத்தில் தேடலாம், தமிழில் தேட முடியாது. நிறுவனத்தின் ஆலோசகர் ஒரு நொடியில் வேண்டிய வரிக்குப் போகிறார். ஊர்க்காரர் முதல் பக்கத்திலிருந்து விரலால் தேய்த்துக்கொண்டே வர வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். இரண்டு பேருக்கும் 'தகவல் தரப்பட்டது' என்று பதிவாகிவிடும்.

மொழி இங்கே எத்தனை கனமான விஷயம் என்பதை 2020 காட்டியது. புதிய மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு ஊரடங்கு நேரத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியானது. அதை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்க வேண்டும் என்று 2020 ஜூன் 30-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனது. அடுத்த மாதமே வரைவை எதிர்த்துப் பிரசாரம் செய்த சில சூழலியல் அமைப்புகளின் தளங்கள் முடக்கப்பட்ட செய்தியும் வந்தது. தமிழாக்கம் ஏதோ உபசாரம் என்றால் அதை எதிர்த்து வழக்காட வேண்டியதில்லை.

வரைபடங்களும் இப்படித்தான். 2019 கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கைக்கான வரைவுத் திட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் கடலோர மாவட்டங்களில் கருத்துக் கேட்பு நடந்தபோது, மீனவ கிராமங்களும் அவர்கள் புழங்கும் இடங்களும் வரைபடத்தில் சரியாக இல்லை என்று மீனவர் அமைப்புகள் எதிர்த்தன. அந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே எவ்வளவு உழைப்பு! தட்டையான படமாக வந்த வரைபடத்தில் ஊர்ப்பெயரைத் தேட முடியாது. பெரிதாக்கினால் எழுத்து உடையும். ஊர்ப்பெயரே ஒரு சிக்கல். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராயப்பர் என்ற புனித பேதுருவின் பெயரால் வந்த ஊர். தமிழில் ராயபுரம், இராயபுரம். ஆங்கில எழுத்தில் அது 'ரோயபுரம்' மாதிரி நிற்கும். ஒன்றைத் தேடினால் இன்னொன்று அகப்படாது. எல்லா வழக்கையும் சேர்த்துக் குறித்து வைப்பதும் வடிவமைப்புதான். வண்ணம் தேர்வதைவிட முக்கியமான வடிவமைப்பு.

6

'இப்போது படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இருக்கிறதே, இனி என்ன?' என்று ஒரு தோழர் கேட்டார். இருக்கிறது, நாளுக்கு நாள் மேம்படுகிறது. பழைய நூல்களை மீட்க அது வரம். ஆனால் மங்கலான ஸ்கேனில் அது தடுமாறுவது எண்களிலும் பெயர்களிலும். அறிவிப்பில் முக்கியமானவையும் எண்களும் பெயர்களும்தான். தவிர, அந்த வேலையை யார் தலையில் கட்டுகிறோம்? எழுத்தாகவே அடித்த ஒன்றைப் படமாக்கி அனுப்பி, அதை மறுபடி எழுத்தாக்கும் சுமையை வாசகரிடம் தள்ளுவது என்ன நியாயம்?

ஸ்கேன் எல்லாமே தவறு என்பதில்லை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டும் நூலகம் திட்டம் 2005-இலிருந்து பெரும்பாலும் பக்கங்களைப் படமாகவே சேர்த்துவருகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, உள்ளடக்கம் என்று எழுத்தில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். நூல் படமாக இருந்தாலும் அதற்குப் போகும் வழி எழுத்தாக இருக்கிறது. அழிவின் நினைவோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கவனம் இயல்பாக வருகிறது போலும்.

எனக்கு இன்று அதிகக் கவலை தருவது அரசுத் தளங்கள் மட்டுமல்ல. இயக்கங்களின் வெளியீடுகள் இப்போது எங்கே இருக்கின்றன? சிவப்பும் கறுப்புமாக அழகான சதுரப் படம், உள்ளே நான்கு வரி, வாட்ஸப்பில் சுற்றுகிறது. கண்டனக் கூட்டம், உண்மை அறியும் குழுவின் முடிவு, கோரிக்கைப் பட்டியல், எல்லாம் படம். சுவரொட்டியின் வாரிசு என்று இதைக் கொண்டாடுகிறார்கள். சுவரொட்டி போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் பொதுவாகச் சுவரில் நின்றது. இந்தச் சதுரம் குழுவுக்குள் வந்து மூன்றாம் நாள் மேலே போய்விடுகிறது. அடுத்த வருஷம் அதே பிரச்சினை வரும்போது போன வருஷம் வைத்த கோரிக்கை எது என்று தேடினால் கிடைப்பதில்லை. அதிகாரத்துக்கு எப்போதும் ஞாபகம் உண்டு, அதற்குக் கோப்பறை இருக்கிறது. எதிர்ப்பின் ஞாபகத்தை ஒரு கம்பெனியின் கைபேசிச் செயலியிடம் விட்டு வைப்பது ஜியோசிட்டீஸ் கதையை மறுபடி எழுதுவதாகும்.

ஆகவே தவிர்க்க வேண்டியவை என்று நானும் ஒரு சிறு பட்டியல் தருகிறேன். எழுத்தைப் படமாக மட்டும் வெளியிடாதீர்கள். படம் போட்டால் அதே வாசகத்தை எழுத்தாகக் கீழே சேருங்கள். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றாதீர்கள். ஏற்றிய பிறகு ஒரு வரியை வெட்டி ஒட்டிப் பாருங்கள், ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். தேதியும் வெளியிட்டவர் பெயரும் இல்லாத பக்கம் வேண்டாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத ஒரு முகவரி கொடுங்கள். முகப்பில் கனமான காணொளியை வைத்து, இருநூறு ரூபாய்க்கு டேட்டா போட்டவரின் பணத்தைத் தின்னாதீர்கள். ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். நகல் இருக்கட்டும், ஒரு தாள் நகலும் இருக்கட்டும். வண்ணம் உங்கள் இஷ்டம்.

அலுவலகங்களிடம் கேட்க வேண்டியது இன்னும் எளிது. கையொப்பமிட்ட ஸ்கேன் இருக்கட்டும், சட்டத்துக்கு அது வேண்டும். கூடவே, தட்டச்சு செய்த அந்த மூலக்கோப்பையும் யூனிகோடு எழுத்தாக வெளியிடுங்கள் என்று ஒவ்வொரு கருத்துக் கேட்பிலும் முதல் ஆட்சேபணையாக எழுத்து மூலம் கொடுக்கலாம். 'வாசிக்க முடியாத அறிவிப்பு அறிவிப்பே அல்ல' என்று பதிவு செய்யச் சொல்லலாம். கூட்டம் கழிமுகத்தைப் பற்றியதாக இருக்கும்போது எழுத்துருவைப் பற்றிப் பேசுவானேன் என்று அதிகாரி எரிச்சல்படுவார். படட்டும். முப்பது நாள் அவகாசம் என்பது படிக்க முடிந்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்க வேண்டும்.